வாசலில் சோஷியல் வேர்க்கர் நிற்கிறார்: இன்றே செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் போயிருக்கலாம். ஜிபி எதையோ எழுதி அனுப்பியிருக்கலாம். பக்கத்து வீட்டார் சத்தம் கேட்டுப் பொலிஸைக் கூப்பிட்டிருக்கலாம். எப்படியோ கவுன்சிலின் குழந்தைகள் பிரிவு உங்கள் கதவைத் தட்டிவிட்டது. ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் நம் ஆட்கள் இந்த நேரத்தில் அநேகமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டுச் சண்டைக்குப் போகிறார்கள், இல்லையென்றால் பயந்துபோய் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்து வைக்கிறார்கள். இரண்டுமே பிள்ளையை உங்களிடமிருந்து தூரமாக்கும். சோஷியல் வேர்க்கருடன் ஒத்துழையுங்கள். ஆனால் ஒத்துழைப்பது வேறு, சொல்வதையெல்லாம் ஒப்புக்கொள்வது வேறு. அந்த வித்தியாசத்தைக் காட்டித்தரத்தான் சட்டம் உங்களுக்கு ஒரு சொலிசிட்டரைக் கொடுக்கிறது, முக்கியமான கட்டங்களில் காசே வாங்காமல்.

இங்கே சொல்வது இங்கிலாந்தின் நடைமுறை. இதற்கு அடிப்படை 1989ஆம் ஆண்டின் சில்ரன் அக்ட். ஸ்கொட்லாந்தில் முறையே வேறு. அங்கே இருப்பவர்கள் அங்குள்ள சொலிசிட்டரிடம்தான் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

வந்தவரின் பெயர், டீம், போன் நம்பர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். அடையாள அட்டையையும் பாருங்கள். நாளைக்கு யாரோடு பேசுவது என்று தெரியாமல் கவுன்சில் ஸ்விட்ச்போர்டில் தொங்கிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரமில்லை.

"இது செக்ஷன் 17 ஆ, செக்ஷன் 47 ஆ?" என்று கேளுங்கள். 17 என்றால் பிள்ளைக்கு உதவி தேவையா என்று பார்க்கிறார்கள். அந்த மதிப்பீட்டை 45 வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். 47 என்றால் பிள்ளைக்குக் கடுமையான தீங்கு நடந்திருக்கலாம், அல்லது நடக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்கள். அந்த விசாரணைக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை. 47 என்று பதில் வந்தால் அன்றைக்கு வேறு வேலை பார்க்காதீர்கள்.

இன்றே சொலிசிட்டருக்குப் போன் எடுங்கள். வீடு வாங்கித் தந்தவர், விசா போட்டுத் தந்தவர் இதற்குச் சரிவர மாட்டார். லோ சொசைட்டியின் இணையத் தேடலில் 'சில்ரன் லோ' அங்கீகாரம் உள்ளவரைப் பாருங்கள். இது தனித் துறை. தினமும் இதே நீதிமன்றத்தில் நிற்பவருக்கும் வருடத்தில் ஒருமுறை வந்துபோகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் பிள்ளைதான் அனுபவிக்கும்.

எந்தக் கட்டத்தில் லீகல் எய்ட் இலவசம் என்று தெரிந்துவைத்திருங்கள். பயப்படுவதற்கு முன் இதைப் படியுங்கள். விசாரணை, சைல்ட் புரொடெக்ஷன் கொன்ஃபரன்ஸ் நடக்கிற ஆரம்பக் கட்டத்தில் உங்கள் வருமானத்தைப் பார்த்துத்தான் இலவச ஆலோசனை கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஃபமிலி ரைட்ஸ் குரூப் என்ற தொண்டு நிறுவனத்தைக் கேளுங்கள். இந்த நிலையில் இருக்கும் பெற்றோருக்காகவே அவர்கள் இலவச ஆலோசனை லைன் நடத்துகிறார்கள். அடுத்த கட்டத்தில், நீதிமன்றத்துக்குப் போக யோசிக்கிறோம் என்று கவுன்சில் ஒரு கடிதம் அனுப்பும். 'லெட்டர் பிஃபோர் புரசீடிங்ஸ்' என்பார்கள். அது கைக்கு வந்த நிமிடம் முதல் உங்கள் சம்பளத்தையோ சேமிப்பையோ யாரும் பார்ப்பதில்லை. கடிதத்தோடு சொலிசிட்டரிடம் போங்கள், கவுன்சில் கூப்பிடும் மீட்டிங்குக்கு அவர் உங்களோடு வருவார். வழக்குத் தொடுத்துவிட்டாலும் அப்படித்தான். கடை வைத்திருக்கிறோம், வீடு சொந்தப் பெயரில் இருக்கிறது, நமக்குக் கிடைக்காது என்று நினைத்துச் சொலிசிட்டர் இல்லாமலே நீதிமன்றத்துக்குப் போனவர்கள் உண்டு. அந்தத் தவறைச் செய்யாதீர்கள். விசா நிலை என்னவானாலும் இந்த உதவி உண்டு.

விசாவில் சிக்கல் இருந்தால் அதையும் சொலிசிட்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் அவரிடம் பேசுவது இரகசியம். எதை யாரிடம், எப்போது சொல்வது என்று அவர் வழிகாட்டுவார்.

கணவன் மனைவிக்கிடையே பிரச்சினை என்றால் ஆளுக்கொரு சொலிசிட்டர் கேளுங்கள். ஒருவர் மேல் மற்றவர் குற்றம் சொல்லும் வழக்கில் ஒரே சொலிசிட்டர் இருவருக்காகவும் பேச முடியாது. இரண்டு பேருக்கும் தனித்தனியாக லீகல் எய்ட் உண்டு. பிள்ளைக்கும் தனியாக ஒரு சொலிசிட்டர் இருப்பார். கஃப்காஸ் என்ற அமைப்பிலிருந்து ஒரு 'கார்டியன்' வந்து பிள்ளையின் பக்கத்தை நீதிமன்றத்தில் சொல்வார். அவர் உங்கள் எதிரி அல்ல, கவுன்சிலின் ஆளும் அல்ல. அவரைச் சந்திக்கும்போது மரியாதையாக, உள்ளதை உள்ளபடி பேசுங்கள். அவருடைய அறிக்கைக்கு நீதிபதியிடம் பெரிய மதிப்பு உண்டு.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். "இங்கிலீஷ் விளங்கும்" என்று கௌரவத்துக்குச் சொல்லாதீர்கள். கடையில் பேசுகிற இங்கிலீஷ் வேறு, பிள்ளை எப்படிக் காயப்பட்டது என்று விளக்குகிற இங்கிலீஷ் வேறு. இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்பதையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் உங்கள் கோவிலுக்கோ ஊர்ச் சங்கத்துக்கோ வருகிறவர் என்றால் வேறொருவரைக் கேட்கத் தயங்காதீர்கள். இந்த வழக்குகளில் நீதிமன்றமே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும், அதற்கும் நீங்கள் காசு கட்டத் தேவையில்லை.

ஒரு கொப்பி வாங்கி எல்லாவற்றையும் திகதியோடு எழுதுங்கள். யார் வந்தார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன செய்வதாக அவர் சொன்னார். முக்கியமான பேச்சு எதுவானாலும் அன்றிரவே ஒரு சின்ன ஈமெயிலாக அனுப்பிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நீதிபதியின் முன்னால் இருக்கப்போவது கவுன்சிலின் குறிப்புகள். உங்கள் குறிப்புகளும் இருக்கட்டும்.

கொன்ஃபரன்ஸுக்கு முன்பே அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். செக்ஷன் 47 விசாரணை தொடங்கியபின் சைல்ட் புரொடெக்ஷன் கொன்ஃபரன்ஸ் நடப்பதாக இருந்தால், அதிகாரிகள் கூடி முடிவெடுத்த நாளிலிருந்து 15 வேலை நாட்களுக்குள் அதைக் கூட்ட வேண்டும். பள்ளி, சுகாதாரம், பொலிஸ், கவுன்சில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து உங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசுவார்கள். உங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை அங்கே போய்த்தான் முதல் தடவையாகக் கேட்டால் வாயே திறக்காது, கண்ணீர்தான் வரும். முந்திய நாளே வாசித்து, எது சரி, எது பிழை என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சரியானதைச் சரி என்று முதலில் சொல்லுங்கள். பிறகு பிழையைச் சொன்னால் நம்புவார்கள். கூடவே ஒருவரை அழைத்துப் போகலாமா என்று தலைவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

உதவக்கூடிய சொந்தக்காரர்களின் பெயரை இந்தக் கிழமையே கொடுங்கள். பெரியம்மா, சித்தப்பா, அம்மம்மா, யாராக இருந்தாலும். பிள்ளை உங்களோடு இருக்க முடியாது என்று நீதிமன்றம் நினைத்தால் அடுத்து சொந்தத்துக்குள் யாராவது இருக்கிறார்களா என்றுதான் பார்க்கும். சொந்தக்காரர்கள் கூடிப் பேசித் திட்டம் போடும் 'ஃபமிலி குரூப் கொன்ஃபரன்ஸ்' வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். குடும்பத்துக்கு வெளியே தெரியக்கூடாது என்று கடைசிவரை மறைத்துவிட்டு, தீர்ப்புக்கு முதல் கிழமை அக்காவின் பெயரைக் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. வழக்கு 26 கிழமைக்குள் முடிய வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அக்காவைப் பற்றி விசாரிக்கவே பல கிழமைகள் போய்விடும். யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருக்கும் உறவினரையும் மதிப்பிட முடியும். ஆனால் நாடு தாண்டி நடக்கும் வேலை என்பதால் அதற்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். மானம் போகும் என்ற பயம் எனக்கு விளங்குகிறது. பிள்ளை முன்பின் தெரியாத வீட்டில் வளர்வதைவிட அக்காவுக்கு விஷயம் தெரிவது மேல்.

உத்தரவுக்குக் காத்திராமல் மாற்றத்தை நீங்களே தொடங்குங்கள். குடி என்றால் ஜிபியிடம் போய் உதவி கேளுங்கள். மனச்சோர்வு என்றால் மருந்து, கவுன்சலிங். பேரண்டிங் வகுப்பு இருந்தால் இன்றே பெயர் கொடுங்கள். போனதற்கான கடிதங்களைச் சேர்த்து வையுங்கள். "மாறுவேன்" என்பதைவிட "ஏழு வகுப்புக்குப் போய்விட்டேன்" என்பது நீதிமன்றத்தில் எடுபடும்.

வீட்டில் அடி உதை நடக்கிறதென்றால் தாய்மாரே, இப்போதே சொல்லுங்கள். நீங்கள் வாங்கிய அடியைப் பிள்ளை பார்ப்பதும் கேட்பதும் பிள்ளைக்கு நடக்கும் தீங்காகவே சட்டம் பார்க்கிறது. மறைத்தால், பிள்ளையைக் காப்பாற்றத் தவறியவர் என்று உங்களையும் சேர்த்து எழுதுவார்கள். அது நியாயமே இல்லை, ஆனால் நடக்கிறது. அடிப்பவரை உங்களிடம் நெருங்கவிடாமல் தடுக்கும் உத்தரவை நீதிமன்றம் தரும். அதற்கும் லீகல் எய்ட் கிடைக்கலாம். ஜிபியிடம் காயத்தைக் காட்டிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பொறுத்துப் போ என்று சொல்லும் மாமியாருக்கோ ஊர்ப் பெரியவருக்கோ இதில் இடம் கொடுக்காதீர்கள்.

பொலிஸ் கூப்பிட்டால் சொலிசிட்டர் இல்லாமல் வாய் திறக்காதீர்கள். கைது செய்தாலும் சரி, "சும்மா வந்து பேசிவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டாலும் சரி, பொலிஸ் விசாரணைக்கு இலவச சொலிசிட்டர் உண்டு. வருமானம் பார்ப்பதில்லை. அங்கே நீங்கள் சொல்லும் வார்த்தை குடும்ப நீதிமன்றத்துக்கும் போகும்.

பிள்ளையைக் கொண்டுபோனால், என்ன அதிகாரத்தில் என்று கேளுங்கள். சோஷியல் வேர்க்கர் தன் விருப்பத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. உங்கள் சம்மதம் வேண்டும், அல்லது நீதிமன்ற உத்தரவு வேண்டும், அல்லது பொலிஸ் செய்ய வேண்டும். பொலிஸ் பாதுகாப்பில் வைத்திருக்கக்கூடியது அதிகபட்சம் 72 மணிநேரம். அவசரப் பாதுகாப்பு உத்தரவு என்றால் 8 நாள், ஒரே ஒரு தடவை மேலும் 7 நாள் நீட்டலாம். நீங்கள் இல்லாத நேரத்தில் உத்தரவு வாங்கியிருந்தால் அதை நீக்கக் கேட்கும் உரிமை உண்டு. அந்த நேரத்தில் கத்திக் குழறாதீர்கள், பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளைக்குப் பிடித்த போர்வையையும் மருந்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொலிசிட்டருக்குப் போன் எடுங்கள்.

பிள்ளையைப் பார்க்கக் கொடுத்த நேரம் எதையும் தவற விடாதீர்கள். வேலை போனாலும் போங்கள், பத்து நிமிடம் முந்திப் போங்கள். பக்கத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் எழுதுவார். பிள்ளைக்கு விருப்பமான சாப்பாடு கொண்டுபோகலாமா என்று கேளுங்கள். தமிழில் பேச விடவில்லை என்றால் தமிழ் தெரிந்த மேற்பார்வையாளரைக் கேளுங்கள். பிள்ளையின் மதம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கவுன்சில் கருத்தில் எடுத்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிள்ளை நீதிமன்ற உத்தரவின்பேரில் கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும்போது, பிள்ளையைப் பார்க்கவே விடாமல் அவர்கள் தாமாக நிறுத்திவைக்கலாம், ஆனால் அவசரமான காரணம் இருந்தால் மட்டும், அதுவும் 7 நாள்தான். அதற்கு மேல் என்றால் நீதிமன்றம் போக வேண்டும்.

செய்யக்கூடாதவை

விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். எல்லாவற்றிலும் ஆபத்தானது செக்ஷன் 20. "பிள்ளை கொஞ்ச நாள் ஃபோஸ்டர் வீட்டில் இருக்கட்டும், நீங்களாகச் சம்மதித்தால் நல்லது" என்று மெதுவாகச் சொல்வார்கள். கேட்கச் சின்ன விஷயம் போல இருக்கும். ஹாக்னி கவுன்சிலுக்கு எதிரான ஒரு வழக்கை 2018இல் சுப்ரீம் கோர்ட் விசாரித்தது. 2007இல் ஒரு குடும்பத்தின் 8 பிள்ளைகளைப் பொலிஸ் பாதுகாப்பில் எடுத்தார்கள். பிள்ளைகளைக் கவுன்சில் வைத்திருப்பதைத் தடுக்கும் உரிமை இருப்பதைச் சரியாகச் சொல்லாமல் பெற்றோரிடம் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 72 மணிநேரத்தில் முடிய வேண்டியது சுமார் இரண்டு மாதம் நீண்டது. பெற்றோர் வழக்குப் போட்டு, கடைசியில் தோற்றார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வசனம் சொல்லப் பழகுங்கள்: "சொலிசிட்டரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்." அப்படிக் கேட்பதை யாரும் குற்றமாகச் சொல்ல முடியாது.

ஏற்கனவே செக்ஷன் 20இல் கையெழுத்து வைத்திருந்தால், கோபத்தில் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், கவுன்சில் நோட்டிஸ் காலம் கேட்க முடியாது. ஆனால் நீங்கள் திரும்பப் பெற்ற அன்றே அவர்கள் அவசர உத்தரவுக்கு ஓடலாம். முதலில் சொலிசிட்டர், பிறகு கடிதம்.

பிள்ளையை இரவோடிரவாக ஊருக்கு அனுப்பாதீர்கள். கவுன்சிலுக்குப் பிள்ளை மீது பராமரிப்பு உத்தரவு இருக்கும்போது அனுமதியில்லாமல் கொண்டுபோவது குற்றம். உத்தரவு இல்லாவிட்டாலும், டிக்கெட் வாங்கிய செய்தி போனால் அடுத்த நாளே பாஸ்போர்ட்டைப் பறிக்கும் உத்தரவோடு வரலாம். அதன்பின் எதைச் சொன்னாலும் தப்பியோடப் பார்த்தவர்கள் என்ற பெயர் போகாது.

பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். "கீழே விழுந்தேன் என்று சொல்லு" என்ற ஒரு வார்த்தை போதும். பிள்ளை அதை அப்படியே டீச்சரிடம் ஒப்பிக்கும், "அம்மா சொல்லச் சொன்னா" என்பதையும் சேர்த்து. அதற்குப் பிறகு உங்கள் உண்மைகூடச் சொல்லிக்கொடுத்ததாகவே தெரியும்.

பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பதினான்கு வயதுப் பெண் தன் தகப்பனைப் பற்றிய கேள்வியைத் தாய்க்குத் தமிழில் சொல்ல வேண்டிய நிலை எந்த வீட்டிலும் வரக்கூடாது. சோஷியல் வேர்க்கரே அப்படிக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

"ஊரில் எங்களையும் அடித்துத்தான் வளர்த்தார்கள்" என்று வாதாடாதீர்கள். உங்கள் பார்வையில் அது விளக்கம். அவர்கள் குறிப்பில் அது "தவறென்று உணரவில்லை". பிள்ளையை அடிப்பதை ஸ்கொட்லாந்து 2020இலும் வேல்ஸ் 2022இலும் முழுதாகத் தடைசெய்துவிட்டன. இங்கிலாந்தில் 'நியாயமான தண்டனை' என்ற வாதம் இன்னும் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் காயம் பட்டால் அது உங்களைக் காப்பாற்றாது. அடித்தது உண்மையென்றால் சொலிசிட்டரோடு பேசிவிட்டு, எப்படி ஒப்புக்கொள்வது, இனி என்ன செய்யப்போகிறோம் என்று திட்டத்தோடு போங்கள்.

சோஷியல் வேர்க்கரை வாசலில் ஏசாதீர்கள், கதவை மூடி ஒளியாதீர்கள். உத்தரவில்லாமல் உள்ளே விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லைதான். ஆனால் பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்பதே அவசர உத்தரவுக்குக் காரணமாகலாம். இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்கு நேரம் கொடுத்து, அந்த நேரத்தில் வீட்டில் இருங்கள். முறைப்பாடு இருந்தால் எழுத்தில் கொடுங்கள். கவுன்சிலுக்கு அதற்கு முறை உண்டு, அதற்கு மேல் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். முறைப்பாடு போட்டதால் வழக்கு நின்றுவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

"அடித்தவர் வீட்டுக்கு வரமாட்டார்" என்று கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இரவில் கதவைத் திறக்காதீர்கள். அந்த ஒப்பந்தம் நீதிமன்ற உத்தரவு அல்ல. ஆனால் மீறியதை நீதிமன்றத்தில் முதல் ஆதாரமாக வைப்பார்கள். காப்பாற்ற முடியாத வாக்கு என்றால் கொடுக்கும்போதே சொல்லி மாற்றுங்கள்.

ஃபேஸ்புக்கில், டிக்டொக்கில், வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரியும் போடாதீர்கள். வழக்கு நடக்கும்போது பிள்ளையை அடையாளம் காட்டும்படி எதையும் வெளியிடுவது குற்றம். நீதிமன்றத் தாளைப் படம் பிடித்துப் போடுவது நீதிமன்ற அவமதிப்பு ஆகலாம். அநியாயத்தை ஊருக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கும். சொலிசிட்டரிடம் சொல்லுங்கள்.

"எனக்குக் கவுன்சிலில் ஆள் தெரியும்" என்பவருக்குக் காசு கொடுக்காதீர்கள். இந்த வேலைக்குக் குறுக்கு வழி கிடையாது. சட்டம் இலவசமாகத் தருகிற உதவியைவிட நூற்றுக்கணக்கில் பவுண் வாங்குகிற ஆளின் பேச்சு கேட்க இனிமையாக இருக்கும், அவ்வளவுதான். அவருக்கு நீதிமன்றத்தில் உங்களுக்காக வாதாடும் உரிமையும் இல்லை.

"நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். நடக்காவிட்டால் பிள்ளைதான் உடையும். "அம்மா அடுத்த செவ்வாய் வருவேன்" என்பது போதும், வந்தும் விடுவீர்கள்.

திகதிகளைத் தவற விடாதீர்கள். கொன்ஃபரன்ஸில் பாதுகாப்புத் திட்டம் போட்டால், அதன்பின் பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் திட்டத்தை நடத்தும் 'கோர் குரூப்' குழுவின் முதல் மீட்டிங், மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எல்லாவற்றையும் போனில் அலாரமாகப் போட்டு வையுங்கள். நீதிபதியின் முடிவில் பிழை இருப்பதாகத் தோன்றினால் நீதிமன்றப் படியை விட்டு இறங்குமுன் சொலிசிட்டரிடம் அப்பீல் பற்றிக் கேளுங்கள். இறுதித் தீர்ப்புக்குப் பொதுவாக 21 நாள், இடைக்காலப் பராமரிப்பு உத்தரவுக்கு 7 நாள்தான்.